ஐந்து விரல் தட்டு

எங்கள் மருத்துவமனையில் எல்லோரும் அவரைச் சோப்பு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது; அதை யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் மாடியில், பிறந்த குழந்தைகளின் வார்டில் இருபத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தார். குழந்தைகளைத் துடைத்துத் துணி மாற்றுவது, எடை பார்க்கத் தூக்கிக் கொடுப்பது, தாய்க்குப் பால் சுரக்காத நாட்களில் சின்னக் கிண்ணத்தில் பால் புகட்டுவது, அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது எல்லாம் அவர் வேலை. நர்சுகள் மாறினார்கள், டாக்டர்கள் மாறினார்கள். அக்கா அங்கேயே இருந்தார்.

நான் கீழ்த்தளத்தில், ஆய்வகத்தில் இருந்தேன். கிருமி வளர்ப்பதுதான் என் வேலை. வெளியில் யாராவது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் அப்படியே சொல்லிவிடுவேன்; அதற்குமேல் கேள்வி வராது. எனக்கும் அதுதான் சௌகரியம். மனிதர்களோடு மல்லுக்கட்டுவதைவிடக் கிருமிகளோடு பொழுதைப் போக்குவது எனக்கு லேசாக இருந்தது. கிருமி நலம் விசாரிக்காது. "இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று கேட்காது. வெடுக்கென்று பேசுகிறவள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் உழைத்துத்தான் சம்பாதித்தேன்.

அக்காவுக்குச் சோப்பு என்ற பெயர் வந்ததற்கு அவருடைய கைதான் காரணம். ஒவ்வொரு குழந்தையைத் தொடுவதற்கு முன்னாலும் பின்னாலும் கை கழுவ வேண்டும் என்பது வார்டின் விதி. மற்றவர்கள் கையைத் தண்ணீரில் காட்டிவிட்டு ஓடுவார்கள். அக்கா சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, முழங்கை வரை நுரைத்து, அதோடு விடாமல் ஒரு பிரஷ்ஷால் தேய்ப்பார். ஆபரேஷன் செய்கிற டாக்டர்களின் நகத்துக்காக எந்தக் காலத்திலோ வாங்கின பிரஷ் அது. பாத்திரம் தேய்ப்பதற்குக்கூட யாரும் அவ்வளவு முரட்டுப் பிரஷ்ஷை எடுக்க மாட்டார்கள். நாளொன்றுக்கு அறுபது எழுபது முறை தேய்த்தால் தோல் என்ன ஆகும்? விரல் முட்டிகள் எப்போதும் சிவந்திருக்கும். விரல் நுனிகள் வெடித்துக் கோடு கோடாக இருக்கும். வாசலில் விரல் வைத்து வருகை பதிகிற மெஷினுக்கு அக்காவை அடையாளமே தெரியாது. அவர் ஒருவருக்காக மட்டும் பழைய பதிவேட்டை வைத்திருந்தார்கள்.

"அக்கா, இப்படியே தேய்ச்சீங்கன்னா ஒரு நாள் எலும்புதான் மிஞ்சும்," என்று தலைமை நர்ஸ் கிண்டல் செய்வார்.

"எலும்பா இருந்தாலும் சுத்தமா இருக்கும்ல," என்பார் அக்கா.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார். கணவர் என்று ஒருவர் இருந்திருக்கிறார். செத்தாரா, விட்டுப் போனாரா என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை கிடையாது. விடுமுறை நாளிலும் வார்டுக்கு வந்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "வீட்ல இருந்து என்ன பண்றது? சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்பார். அந்த வார்டில் எப்போதும் இருபது குழந்தைகள் இருக்கும். ஒன்று வீட்டுக்குப் போனால் இன்னொன்று வந்துவிடும். அக்காவின் தோள் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு வருடம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் அந்த வார்டில் ஒரு குழந்தைக்குத் தொப்புளைச் சுற்றிச் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் வந்தன. மூன்றாம் நாள் இன்னொரு குழந்தைக்குக் கை இடுக்கில் வந்தது. ஒன்பது நாளுக்குள் ஐந்து குழந்தைகள். அதில் நாலாவது, ஓர் ஆண் குழந்தை, பிறந்து ஆறே நாள். கொப்புளத்தோடு நிற்காமல் கிருமி அவன் ரத்தத்தில் இறங்கிவிட்டது. அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அவனுடைய அம்மாவுக்கு இருபத்தொரு வயது, முதல் பிரசவம், கணவன் வெளியூரில். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடி இருந்தாள். அவளைச் சாப்பிட வைத்ததும் முகம் கழுவ அனுப்பியதும் அக்காதான்.

கொப்புளத்துச் சீழ் என்னிடம் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி போட்ட தட்டு. அதற்குள் கிருமிக்குத் தீனியான கூழைக் காய்ச்சி ஊற்றி உறைய வைத்திருப்போம். அதில் சீழைத் தீற்றி, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைத்தால், கண்ணுக்குத் தெரியாதது பெருகிப் புள்ளிகளாக எழுந்து நிற்கும். ஐந்து குழந்தைகளின் தட்டிலும் ஒரே மாதிரிப் புள்ளிகள். வெண்ணெய் மாதிரி வழவழப்பு, தங்க மஞ்சள் நிறம்.

இந்தக் கிருமியை எனக்கு என் சொந்தக்காரர்களைவிட நன்றாகத் தெரியும். இது ஒன்றும் எங்கிருந்தோ படையெடுத்து வருகிற பூதம் இல்லை. மூன்று நாலு பேரில் ஒருவருடைய மூக்குக்குள் இது சும்மா குடியிருக்கிறது. இந்தத் தாளைப் படிக்கிற உங்கள் மூக்கிலும் இருக்கலாம். தோல் முழுசாக இருக்கும்வரை அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். தோலில் ஒரு வெடிப்பு, ஒரு சிராய்ப்பு, பிறந்த குழந்தையின் ஆறாத தொப்புள் என்று ஒரு வழி கிடைத்தால் போதும். உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். அது கக்குகிற நஞ்சு தோலின் அடுக்குகளைப் பிரித்துவிடும். பிரிந்த இடம் கொப்புளமாகும். உடம்பின் காவல்காரர்களான வெள்ளை அணுக்கள் ஓடிவந்து சண்டை போட்டுச் செத்து விழுவதுதான் சீழ். பெரியவர்களுக்குக் காவல் பலமாக இருக்கும். ஆறு நாள் குழந்தைக்கு எங்கே இருக்கும்?

அதற்குக் கால் கிடையாது, இறக்கை கிடையாது. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு அது போக வேண்டுமானால் ஒரு கை வேண்டும். யாருடைய கை என்பதுதான் கேள்வி.

தொற்றுத் தடுப்பு டாக்டர் எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிற ஆள். தலைமை நர்ஸ் முதல் தரை துடைப்பவர் வரை முப்பத்தொரு பேரும் வலது கையின் ஐந்து விரல்களையும் ஒரு தட்டில் லேசாக ஒற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். தட்டில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவருடைய மேசை இழுப்பறையில். யாரையும் யாரும் விரல் நீட்டிப் பேசக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. முடிவை நான் அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும்.

தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு மேலே போனேன். வரிசையில் அக்காவின் முறை வந்தபோது அப்போதுதான் தேய்த்துக் கழுவிய கையோடு வந்தார். "தங்கச்சி, என் கையில உனக்கு ஒண்ணும் கெடைக்காது. தட்டு வீண்," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, வேலை நேரத்தில் எனக்குச் சிரிப்பு வராது.

மறுநாள் காலை முப்பது தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வழக்கமான வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. பதினேழாம் எண்ணில் ஐந்து விரல்களும் தங்க மஞ்சளாக வளர்ந்து நின்றன. விரல் விரலாக, நெருக்கமாக. ஆள்காட்டி விரல் நுனியில் குறுக்காக இரண்டு கோடுகள் கூடத் தெரிந்தன. அந்த வெடிப்பைப் பார்த்ததும் பட்டியல் எனக்குத் தேவைப்படவில்லை. எந்தெந்த மருந்துக்குச் சாகிறது என்று இன்னும் இரண்டு நாள் சோதித்தேன். குழந்தைகளின் கிருமியும் பதினேழின் கிருமியும் அச்சு அசல் ஒன்று. டாக்டர் ஊரில் இல்லை, மறுநாள் வருவதாகச் சொன்னார்கள்.

அன்று மதியம் அக்கா ஆய்வகத்துக்கு வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கீழே வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடிப் பெட்டிக் குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது, மெஷின் வைத்திருக்கிறார்கள் என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"யாருன்னு தெரிஞ்சுதா தங்கச்சி?"

"முடிவு டாக்டர்கிட்டதான் சொல்லணும்."

"நீ சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். அந்தப் புது நர்சுதான். கையை நனைச்சுட்டு ஓடுவா. சோப்பைத் தொடவே மாட்டா. ஆறு நாள் கொழந்தையைக் கொல்லப் பாத்துட்டாளே, பாவி. மேல போய் நாலு பேருக்கு முன்னாடி நல்லா கேக்கறேன் பாரு."

புது நர்சின் தட்டு சுத்தம். அந்தப் பெண் மூன்று நாளாக ஓய்வறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் அக்காவை உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கலாம். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. தட்டுகளைச் சூட்டில் வைக்கிற பெட்டியைத் திறந்து பதினேழை எடுத்து அவர் முன்னால் வைத்து மூடியைக் கழற்றினேன்.

"இதோ பாருங்க. உங்க கைதான்."

ஆதாரத்தைக் காட்டுவது எங்களுக்குப் பழகிப்போன புத்தி. டாக்டர்களுக்குக் காட்டுவோம், மாணவர்களுக்குக் காட்டுவோம், நன்றாக வளர்ந்திருந்தால் பெருமையாகவே காட்டுவோம். அந்தக் கையின் சொந்தக்காரருக்கு அதைக் காட்டக் கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை.

அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, விரலுக்கு விரல் ஒத்துப் பார்த்தார்.

"நான்தானே எல்லாரையும் விட நல்லாக் கழுவறேன்?"

"கழுவினதுனாலதான் வந்துச்சு," என்றேன். நான் நிறுத்தவில்லை. பிரஷ் தோலைக் கிழித்ததையும், தோலுக்குக் காவலாக இருக்கும் எண்ணெய்ப் பசையைச் சுடுதண்ணீர் உருவிப் போட்டதையும், சோப்பு எட்டாத வெடிப்புக்குள் கிருமி வசதியாகக் குடியேறியதையும், அலட்சியமாகக் கழுவிய புது நர்சின் தோல் முழுசாக இருந்ததால் அதில் ஒன்றும் தங்கவில்லை என்பதையும் வகுப்பு எடுப்பது போலச் சொல்லி முடித்தேன். அக்கா எழுந்து, கைகளைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள், அக்கா மூலமாக விஷயம் தெரிந்து, டாக்டர் என்னைக் கூப்பிட்டார். எறும்பை மிதிக்காதவர் அன்று கத்தினார்.

"கிருமி ஒண்ணுதான்னு பிளேட் சொல்லும். யார்கிட்டேர்ந்து யாருக்குப் போச்சுன்னு சொல்லுமா? மொத கொழந்தைக்கு வேற யார் மூலமாவோ வந்து, அதைத் தூக்கித் தூக்கி அவங்க வெடிப்புல ஒட்டியிருக்கலாம் இல்ல? நீங்க எப்படி அவங்கதான்னு சொல்லலாம்? போய்ச் சொல்லுங்க அவங்ககிட்ட."

அவர் சொன்னது நியாயம். எனக்கு அது தெரியாமல் இல்லை. கோபத்தில் தட்டு சொன்னதைவிட ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லிவிட்டேன். போய்ச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். போகவில்லை. வீம்புதான், வேறென்ன? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன், அப்படியே நாட்கள் ஓடின.

அக்காவைக் கீழ்த்தளத்துத் துணி அறைக்கு மாற்றினார்கள். சலவையாகி வந்த விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேசை, கூரை வரை அலமாரிகள். விதி இதுதான்: மூக்குக்குள் களிம்பு, கைக்கு மருந்து, நாளுக்கு ஐந்து முறை தோல் மிருதுவாக்குகிற கிரீம், பிரஷ் கூடவே கூடாது. வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, என்னிடம் வந்து ஐந்து விரல் ஒற்ற வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் தட்டு சுத்தமாக இருந்தால் மூன்றாம் மாடிக்குத் திரும்பலாம். அவருக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. திரும்ப மேலே போக வேண்டும், ஒரு குழந்தையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் செவ்வாய் நாலு விரல் வளர்ந்தது. இரண்டாவது செவ்வாய் மூன்று. மூன்றாவது செவ்வாய் மறுபடி ஐந்து. எனக்குச் சந்தேகம் வந்து, "பையைத் திறங்க," என்றேன். உள்ளே, ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அந்தப் பிரஷ் இருந்தது. வீட்டில் வைத்துத் தேய்த்திருக்கிறார்.

"தேய்க்காம எப்படித் தங்கச்சி தூங்கறது? கையில அது ஊர்ற மாதிரியே இருக்கு."

"ஊராது. அதுக்குக் காலே கெடயாது."

"உனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியலயே."

பிரஷ்ஷைக் குப்பையில் போட்டேன். அவர் தடுக்கவில்லை.

ஒவ்வொரு செவ்வாயும் பத்து நிமிடத்துக்கு முன்பே வந்து கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவருடைய விரல்கள் நடுங்கும் என்பதால் மணிக்கட்டைப் பிடித்து நான்தான் ஒவ்வொரு விரலாகத் தட்டில் வைப்பேன். ஐந்தாவது வாரம் வெடிப்புகள் மூடிக்கொண்டன, தோல் மனிதத் தோல் மாதிரி ஆனது. ஒரு செவ்வாய் அவர் சொன்னார், "என் கையை இப்படி யாராச்சும் புடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு தங்கச்சி. கொழந்தைங்க புடிக்கும். அதுங்களுக்கு யார் கைன்னு தெரியாது." அன்று மாலை வீட்டுக்குப் போய், என் கையை யார் கடைசியாகப் பிடித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

மூன்று வாரம் தொடர்ந்து சுத்தம். டாக்டர் கையெழுத்துப் போட்டார். நானே துணி அறைக்குப் போனேன், கையில் கடைசித் தட்டோடு. செய்த தப்பை அதே வழியில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

"பாருங்கக்கா. ஒண்ணுமே இல்ல."

அக்கா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்குக் காட்டினியே, அதுல என் கை இருந்துச்சு. இதுல யாருமே இல்லயே. இது என் கைன்னு எப்படி நம்பறது?"

தட்டை வாங்கி மேசைமேல் வைத்தேன். "வாங்க, மேல போவோம்," என்றேன்.

மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் அந்த இளம் தாய் நின்றிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக் குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போய், இப்போது தடுப்பூசிக்கு வந்திருந்தான். கன்னம் உப்பிப் போய் அடையாளமே தெரியவில்லை. அக்காவைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா! எங்க போயிட்டீங்க? ரெண்டு தடவை வந்து தேடினேன். இந்தாங்க, தூக்குங்க. எவ்வளவு கனம்னு பாருங்க," என்று குழந்தையை நீட்டினாள்.

அக்காவின் கைகள் முன்னால் வந்தன. குழந்தையின் முதுகுக்குக் கீழே, தொடாமல், ஒரு விரற்கடை தூரத்தில் நின்றன. அப்புறம் கீழே இறங்கிவிட்டன.

"உன் பிள்ளைக்கு அது என் கையிலேர்ந்துதாம்மா வந்துச்சு," என்றார் அக்கா. "உனக்கு யாரும் சொல்லலயா? நான்தான்."

அந்தப் பெண் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். ஒரு அடி பின்னால் போனாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், அப்படியா என்று கேட்பது போல. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது, அக்காவுக்கே அது ஒரு குழந்தையிடமிருந்து வந்திருக்கலாம் என்று அவளிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆய்வகத்தில் அவ்வளவு பேசிய வாய் அங்கே திறக்கவில்லை. தடுப்பூசி அறையில் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள், அவள் போய்விட்டாள்.

அக்கா படியில் இறங்கத் தொடங்கினார். நான் பின்னாலேயே போனேன். துணி அறை வாசலில் நின்று, "அப்ப இனிமே செவ்வாக்கிழமை நான் வர வேண்டாம், இல்ல?" என்றார்.

விதிப்படி வேண்டாம்.

"வாங்கக்கா," என்றேன். "இன்னும் பாக்கணும்."

அடுத்த செவ்வாய் வந்தார். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னேன். தட்டு என்ன சொல்லும், என்ன சொல்லாது, நான் எதை அதிகமாகச் சொன்னேன் என்று ஒன்றுவிடாமல். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"இதை அந்தப் பொண்ணு முன்னாடி ஏன் தங்கச்சி சொல்லல?"

அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தேன். மறுநாள் அதில் ஒன்றும் வளரவில்லை. ஓய்வு பெறும்வரை நாலு வருடம் அவர் துணி அறையிலேயே இருந்தார், செவ்வாய்தோறும் வந்தார், ஒரு தட்டிலும் ஒன்றும் வளரவில்லை. அதன் பிறகு அவர் எந்தக் குழந்தையையும் தூக்கவில்லை.